காலனிக்கும் லண்டனுக்கும் இடையே கடிதக் கப்பலின் செலவு எப்படிப் பங்கிடப்பட்டது?

தென்கரை வாசகன் (மெல்பர்ன்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் இங்கே ஒரு பழம்பொருள் சந்தையில், 1862-ஆம் ஆண்டு மெல்பர்னிலிருந்து லண்டனுக்குப் போன கடித உறை ஒன்றை வாங்கினேன். உள்ளே கடிதம் இல்லை. மெல்லிய நீலத் தாள், மடித்த தடம், விக்டோரியா காலனியின் 6 பென்னி அஞ்சல்தலை ஒன்று, அதன் மேல் கோடு கோடாக விழுந்த முத்திரை, இடது மூலையில் சாய்ந்த கையெழுத்தில் ‘சவுதாம்டன் வழி’ என்ற குறிப்பு. பின்புறம் லண்டனில் குத்திய முத்திரை தெளிவாக இருக்கிறது. புறப்பட்ட நாளுக்கும் சேர்ந்த நாளுக்கும் இடையே ஏறக்குறைய 2 மாதம்.

இந்த உறையை வைத்துக்கொண்டு நான் சில வாரங்களாக யோசித்துவருகிறேன். மெல்பர்னிலிருந்து இலங்கையின் காலித் துறைமுகம், அங்கிருந்து ஏடன் வழியாகச் சூயஸ், ரயிலில் அலெக்சாந்திரியா, மறுபடியும் கப்பலில் சவுதாம்டன் என்று இத்தனை தூரத்தை ஒரு 6 பென்னித் தலை கடந்திருக்கிறது. அந்தக் கட்டணத்தை மட்டும் நம்பி எந்தக் கம்பெனியும் நீராவிக் கப்பல் ஓட்டியிருக்க முடியாது என்பது எனக்கே தெரிகிறது. அரசு மானியம் கொடுத்தது என்று படித்தேன். எந்த அரசு என்பதுதான் என் கேள்வி. விக்டோரியா அரசா, லண்டன் அரசா, இரண்டுமா? இரண்டும் என்றால், யார் எவ்வளவு என்பதை யார் முடிவு செய்தார்கள்? இதே காலத்தில் இந்தியாவுக்கும் கடிதக் கப்பல் ஓடியது. அங்கேயும் இதே விதிதானா?

உறையை ஆல்பத்தில் வைக்கும்போது அருகில் ஒரு பக்கம் குறிப்பு எழுதி வைப்பது என் வழக்கம். அதில் தவறாக எதையும் எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இங்கே கேட்கிறேன்.

ஏட்டுக்கணக்கு (சென்னை) எழுதியது:

ஐயா, வணக்கம். அஞ்சல் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். பழைய கடல் அஞ்சல் ஒப்பந்தங்களைப் படிப்பது பணிக்காலத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம். உங்கள் உறைக்குச் சுருக்கமான பதில்: செலவைக் காலனிகளும் லண்டனும் பகிர்ந்துகொண்டன. 1856-இல் பேசி முடித்த ஒப்பந்தத்தில் அது சரிபாதி. ஆனால் அந்தச் சரிபாதி எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் உங்கள் குறிப்பு முழுமை பெறும்.

ஆஸ்திரேலியாவுக்கு ஒழுங்கான நீராவிக் கப்பல் அஞ்சல் 1852-இல் தொடங்கியது. பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியின் ‘சூசன்’ என்ற கப்பல் அந்த ஆண்டு ஆகஸ்டு முதல் வாரத்தில் சிட்னியை அடைந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அங்கே தங்கம் கண்டெடுக்கப்பட்டிருந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்க, கடிதங்களும் பெருகின. ஆனால் 1854-இல் கிரிமியப் போர் மூண்டதும், நீராவிக் கப்பல்கள் படைகளை ஏற்றிச் செல்லப் போய்விட்டன. ஆஸ்திரேலியக் கடிதங்கள் மறுபடியும் பாய்க்கப்பலுக்குத் திரும்பின. ஒரு பேரரசுக்கு அவசரம் வந்தால் முதலில் கைவிடப்படுவது எது என்பதைக் காலனிகள் அந்த இரண்டு ஆண்டுகளில் கண்கூடாகப் பார்த்தன.

போர் முடிந்ததும் 1856-இல் புதிய ஒப்பந்தம் வந்தது. ‘யூரோப்பியன் அண்ட் ஆஸ்திரேலியன்’ என்ற புதுக் கம்பெனிக்கு ஆண்டுக்கு 1,85,000 பவுண்டு மானியம். அதில் பாதியை லண்டன் கருவூலம் தரும், மறுபாதியைக் காலனிகள் சேர்ந்து தர வேண்டும் என்பது ஏற்பாடு. காலனிகளின் பாதி மட்டும் 92,500 பவுண்டு. அந்தப் பாதியைத் தங்களுக்குள் பங்கிடக் கடிதப் போக்குவரத்தின் அளவை அடிப்படையாக வைத்தார்கள். கடிதம் இரண்டு பக்கமும் போய் வருகிறது, ஆகவே செலவும் இரண்டு பக்கமும் சமம் என்பது கருவூலத்தின் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது.

இப்போது கணக்கின் உள்ளே வாருங்கள். மானியம் என்பது கடிதம் சுமந்ததற்கான கூலி மட்டுமாக இருந்ததில்லை. ஒப்பந்தத்தில் புறப்படும் நாள், சேரும் நாள், தாமதத்துக்கான அபராதம் எல்லாம் எழுதப்பட்டிருந்தன. சரக்கு நிரம்பும்வரை காத்திருக்கக் கம்பெனிக்கு உரிமை கிடையாது. அதாவது அரசு வாங்கியது நேரத்தை. கடிதப் பைகளைக் கண்காணிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் கப்பலிலேயே பயணம் செய்யும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. அஞ்சல் கப்பல் ஒப்பந்தங்களை 1837 முதல் 1860 வரை கவனித்துவந்தது அஞ்சல் துறை அன்று. கடற்படைத் தலைமையகம்தான் கவனித்தது. போர்க்காலத்தில் படை ஏற்றவும் இந்தக் கப்பல்கள் உதவும் என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது. அப்படியிருக்க, அந்தப் பயனுக்கான விலையையும் சேர்த்தே காலனியிடம் பாதி கேட்டார்கள் என்பதுதான் என் குறை.

ஒப்பந்தத்தை எழுதியது லண்டன். கம்பெனியைத் தேர்ந்தெடுத்ததும் லண்டன். அந்தக் கம்பெனியோ கப்பல்களைச் சரியாக ஓட்ட முடியாமல் 1858-இல் நொடித்துப்போனது. 1859-இல் பி அண்ட் ஓ திரும்பி வந்தது. ஆண்டுக்கு 1,80,000 பவுண்டு என்று பேசி, முதலில் மொரீஷியஸ் வழியாக ஓட்டினார்கள். விரைவிலேயே அதை விட்டுவிட்டுக் காலியில் இந்தியப் பெருவழியோடு இணைத்தார்கள். உங்கள் 1862 உறை அந்த ஏற்பாட்டில்தான் போயிருக்கிறது.

காலிக்கோட்டை (இலங்கை) எழுதியது:

வணக்கம். நான் காலியிலே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தவள். அண்ணர் சொன்ன கணக்கோடு இந்த ஊரின் பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பங்கீட்டுச் சண்டையில் பெரும் பகுதி இந்தத் துறைமுகத்தைச் சுற்றியே நடந்தது.

அந்தக் காலத்தில் கல்கத்தாவுக்குப் போகிற கப்பல், சீனாவுக்குப் போகிற கப்பல், அவுஸ்திரேலியாவுக்குப் போகிற கப்பல் எல்லாம் காலியிலேதான் சந்தித்துக்கொண்டன. ஒரு கப்பலிலிருந்து இறக்கிய தபாற் பெட்டிகளை மற்றக் கப்பலுக்கு மாற்றுவார்கள். ஒன்று பிந்தினால் மற்றது காத்துக்கொண்டு நிற்கவேண்டும். எங்கள் துறைமுகத்தின் வாயிலிலே பாறைகள் அதிகம், தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற மாதங்களில் கப்பல்கள் நிம்மதியாக நிற்க முடியாது. ஆகவே ‘காலியில் தாமதம்’ என்பது மெல்பேர்ணிலும் சிட்னியிலும் எல்லாருக்கும் பழகிய முறைப்பாடாகிவிட்டது. கப்பல் கொண்டுவந்த ஐரோப்பியச் செய்திகளைக் கொழும்புக்கு விரைவாக எடுப்பதற்கு, தந்திக்கம்பி வரும்வரை, 1850-களில் ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை புறாக்களைப் பறக்கவிட்டது. ஏறத்தாழ 115 கிலோமீற்றர் தூரம். கோட்டை மதிலில் நின்று கடலைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் புறாக்களின் நினைவு வரும்.

இனிச் செலவுக்கு வருகிறேன். காலியிலிருந்து புறப்பட்ட அவுஸ்திரேலியக் கப்பல் முதலிலே மேற்குக் கரையின் கிங் ஜோர்ஜ் சவுண்ட் துறைமுகத்தைத் தொடும், பிறகு மெல்பேர்ண், கடைசியிலே சிட்னி. கடிதப் போக்குவரத்தை வைத்துப் பங்கு போட்டால், கடைசியில் கடிதம் பெறுகிற சிட்னியும் முதலிலே பெறுகிற மெல்பேர்ணும் ஒரே வீதத்தில்தான் கட்டவேண்டும். மெல்பேர்ண் வணிகன் பதில் எழுதுவதற்கு எத்தனை நாள் கிடைக்கும், சிட்னி வணிகனுக்கு எத்தனை நாள் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திரும்புகிற கப்பலைத் தவறவிட்டால், அடுத்த கப்பலுக்கு ஒரு மாதம் காத்திருக்கவேண்டும். அடிலெயிட்டை இந்தக் கப்பல் தொடாமலே போனது. அந்தக் காலனி கிங் ஜோர்ஜ் சவுண்டுக்குத் தன் சொந்தச் செலவில் ஒரு கிளைக் கப்பலைச் சில ஆண்டுகள் ஓட்டவேண்டியிருந்தது. நியூசிலாந்தின் கடிதங்கள் அவுஸ்திரேலியாவுக்கு வந்து, அங்கே வேறு கப்பல் ஏறிப்போகவேண்டும். லண்டனுக்கும் காலனிக்கும் இடையிலான வழக்கு என்று நாம் பேசுகிறோம். உண்மையிலே காலனிக்கும் காலனிக்கும் இடையிலும் அதே அளவு கசப்பு இருந்தது.

பொறுக்க முடியாமல் நியூசிலாந்து பனாமா வழியைத் தேடியது. 1866-இலே நியூசிலாந்தும் நியூ சவுத் வேல்ஸும் சேர்ந்து மானியம் கொடுக்க, பனாமாவுக்கு ஒரு கப்பல் சேவை தொடங்கியது. பெருங்கடலைக் கடக்கிற அந்த நீண்ட பாதையின் பாரத்தை லண்டன் தோளில் வாங்கவில்லை. 1869-இலே அந்தக் கம்பெனி முறிந்து சேவை நின்றுவிட்டது. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளை நான் வீண் என்று சொல்லமாட்டேன். தன் கடிதம் எந்தக் கடல் வழியாகப் போகவேண்டும் என்று ஒரு காலனி தானே தீர்மானித்த முதற் பெரும் முயற்சிகளில் அது ஒன்று.

1875-இலே அடிக்கல் நாட்டிய கொழும்பு அலைதாங்கி வளர்ந்துவர, 1880-களின் தொடக்கத்திலே பி அண்ட் ஓ கப்பல்கள் கொழும்புக்கு மாறிவிட்டன. அதோடு எங்கள் ஊர் அமைதியாகிவிட்டது.

தென்கரை வாசகன் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா சொன்ன கிங் ஜார்ஜ் சவுண்ட் இப்போது ஆல்பனி என்ற ஊர். ஒருமுறை போயிருக்கிறேன், ஆனால் இந்தக் கதை அப்போது தெரியாது.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. லண்டன் பாதி கொடுத்தது என்பதைத் தாராள மனம் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? தொலைவில் குடியேறியவர்கள் சில லட்சம் பேர்தான். பிரிட்டனின் வரி செலுத்துபவர் அவர்களுடைய கடிதத்துக்கு ஏன் பாதிச் செலவை ஏற்க வேண்டும் என்று ஒரு கருவூல அதிகாரி கேட்டிருந்தால் அதற்கு என்ன பதில்? இந்தியா பற்றிய கேள்விக்கும் யாராவது விடை சொன்னால் மகிழ்வேன்.

பழந்தாள் (மதுரை) எழுதியது:

உங்கள் கருவூல அதிகாரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மெல்பர்ன் கம்பளி லண்டனில் விலைபோனது. பெண்டிகோ, பாலராட் தங்கம் லண்டன் வங்கிகளுக்குப் போனது. காலனி அரசுகள் வாங்கிய கடனுக்கான வட்டியும் லண்டனுக்கே போனது. அந்த வணிகம் முழுவதும் கடிதத்தில் நடந்தது. சரக்குச் சீட்டும் உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டும் விலை நிலவரமும் இந்த மானியக் கப்பலில்தான் போய் வந்தன. ஆகவே பாதி என்பதைத் தாராளம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. தன் வணிகத்துக்கான செலவில் ஒரு பகுதியை லண்டன் ஏற்றுக்கொண்டது, அவ்வளவே.

இப்போது இந்தியாவுக்கு வருகிறேன். ‘அங்கேயும் இதே விதிதானா’ என்று கேட்டீர்கள். இல்லை என்பதே என் உறுதியான கருத்து. தொகை வேறு என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. கேள்வி கேட்கும் இடமே வேறு.

கதை பம்பாயில் தொடங்குகிறது. 1830 மார்ச் 20 அன்று ‘ஹியூ லிண்ட்சே’ என்ற நீராவிக் கப்பல் பம்பாயிலிருந்து சூயஸுக்குப் புறப்பட்டது. 411 டன் கப்பல். போதிய நிலக்கரிக் கிடங்கு அதில் இல்லாததால் பயணிகள் அறைகளிலும் தளத்திலும்கூடக் கரியைக் கொட்டி நிரப்பிக்கொண்டு போனார்கள். சூயஸ் சேர ஒரு மாதத்துக்கும் சற்று மேல் ஆனது. வழியில் கரிக்காகக் காத்திருந்த நாட்களைக் கழித்துவிட்டால், கப்பல் ஓடியது ஏறத்தாழ 3 வாரமே. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதம் பிடித்த வழிக்கு இது மாற்று என்று நிரூபணமாயிற்று. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் செலவைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

1837-இல் ஓர் உடன்பாடு வந்தது. பம்பாய்க்கும் சூயஸுக்கும் இடையே கம்பெனியின் கப்பல்கள் ஓடும், அதற்கு லண்டன் அரசு ஆண்டுக்கு 50,000 பவுண்டு தரும் என்பது ஏற்பாடு. அடுத்து 1840-களின் நடுவில், சூயஸிலிருந்து காலி, சென்னை வழியாகக் கல்கத்தாவுக்கும், காலியிலிருந்து ஹாங்காங்குக்கும் பி அண்ட் ஓ ஓட்டிய கப்பல்களுக்கு ஆண்டுக்கு 1,60,000 பவுண்டு பேசப்பட்டது. அதில் 70,000 பவுண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு. கம்பெனியின் பங்கு என்றால் எங்கிருந்து வந்த பணம்? தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் நிலவரி கட்டியவன் கொடுத்த பணமும் அதில் உண்டு. அவனுக்குச் சூயஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அந்தக் கப்பலில் அவன் வாழ்நாளில் ஒரு கடிதம் அனுப்பியிருக்க மாட்டான். ஏட்டுக்கணக்கு ஐயா சொன்ன படைப் பயன், நான் மேலே சொன்ன வணிகப் பயன் இரண்டுமே இங்கே பன்மடங்கு பெரியவை.

ஒரு சிறு தகவல் உங்கள் கணக்கு மனத்துக்குப் பிடிக்கும் ஐயா. பம்பாய்–சூயஸ் வழியை 1854-இல் பி அண்ட் ஓ ஏற்றுக்கொண்டபோது கேட்ட தொகை ஆண்டுக்கு வெறும் 24,700 பவுண்டு. அதுவரை லண்டன் தந்த உதவித்தொகையே அதைப்போல் இரண்டு மடங்கு. கம்பெனியின் கடற்படை அந்த வழியை எவ்வளவு செலவில் ஓட்டியது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்த 1858-க்குப் பிறகு இந்தியாவின் பங்கைத் தீர்மானித்தவை லண்டனில் இருந்த இரண்டு அலுவலகங்கள். ஒன்று கருவூலம், மற்றொன்று இந்தியா அலுவலகம். இரண்டும் பிரிட்டிஷ் அமைச்சரவையின் உறுப்புகள். இந்தியா அலுவலகம் சில நேரம் மறுத்து எழுதியது, வாதாடியது, உண்மைதான். ஆனால் விக்டோரியா சட்டமன்றம் ‘இந்த மானியத்துக்கு நாங்கள் பணம் ஒதுக்க மாட்டோம்’ என்று சொல்ல முடிந்ததுபோல் சொல்லக்கூடிய ஒரு சபை இந்தியாவில் இருக்கவில்லை.

இதன் விளைவைத் தந்தியில் மிகத் தெளிவாகப் பார்க்கலாம். பொருள் சற்று விலகுவதுபோல் தோன்றினாலும் பங்கீடு ஒன்றுதான். 1858-இல் செங்கடல் வழியாக இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட ஒரு கம்பெனி தொடங்கியது. அதன் 8,00,000 பவுண்டு முதலுக்கு 50 ஆண்டுகளுக்கு 4½ விழுக்காடு வட்டி தருவதாக அரசு உறுதி கொடுத்தது. கம்பியைக் கடலில் போட்டார்கள். 1860-க்குள் அது பல துண்டுகளாகச் செத்துப்போனது. பம்பாய்க்கும் லண்டனுக்கும் இடையே ஒரு செய்திகூட அதன் முழு நீளத்தில் ஒழுங்காகப் போய் வந்ததில்லை. ஆனால் உறுதிமொழி உயிரோடு இருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 36,000 பவுண்டு, அதில் பாதி இந்திய வருவாயிலிருந்து, 1908 வரை கட்டப்பட்டது. பஞ்சத்தில் தென்னிந்தியா செத்துக்கொண்டிருந்த 1876, 1877, 1878 ஆண்டுகளிலும் அந்தத் தவணை தவறவில்லை. இதை எழுதும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் பொதுவான செலவுகளை எப்படிப் பங்கிடுவது என்று விசாரிக்க 1895-இல் வெல்பி ஆணையம் அமைக்கப்பட்டது. தாதாபாய் நௌரோஜி அதில் உறுப்பினர். 1897-இல் சாட்சியம் அளிக்க லண்டன் போன இந்தியர்களில் கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரோடு நம் சுதேசமித்திரன் ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். ஆஸ்திரேலியக் காலனிகள் 40 ஆண்டுகளுக்கு முன்பே பேரம் பேசத் தொடங்கிய ஒரு பொருளில், நம்மவர்கள் அப்போதுதான் சாட்சிக் கூண்டுவரை போக முடிந்தது.

ஏட்டுக்கணக்கு எழுதியது:

பழந்தாள் ஐயா எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. செங்கடல் தவணையை நானும் பழைய கணக்குகளில் பார்த்திருக்கிறேன். கம்பி 1860-லேயே போய்விட்டது என்பதை அறியாமல் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

ஆஸ்திரேலியக் கதையின் பிற்பகுதியைச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் ஐயா சொன்ன பேரம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் முக்கியம். 1870-களில் சரிபாதி முறை கைவிடப்பட்டது. குறிப்பிட்ட ஓர் இணைப்புத் துறைமுகம் வரையில் கடிதத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது லண்டனின் பொறுப்பு, அதற்கு அப்பால் காலனியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற முறை வந்தது. விக்டோரியா காலி வழியைப் பிடித்துக்கொண்டு 1874 முதல் பி அண்ட் ஓ கம்பெனிக்குத் தானே ஆண்டுக்கு 90,000 பவுண்டு கொடுத்தது. நியூ சவுத் வேல்ஸும் நியூசிலாந்தும் சான் பிரான்சிஸ்கோ பக்கம் பார்த்தன. குவீன்ஸ்லாந்து 1881-இல் டோரஸ் நீரிணை வழியாகத் தன் கப்பலைத் தனி ஒப்பந்தத்தில் வரவழைத்தது. ஒவ்வொருவரும் தம் வாசலுக்கு முதலில் வரும் வழியைத் தேடினார்கள். ஆளுக்கொரு கப்பலுக்கு மானியம் கொடுத்ததில் மொத்தச் செலவு கூடத்தான் செய்தது.

1888-இல் மறுபடியும் கூட்டாக உட்கார்ந்தார்கள். பி அண்ட் ஓ, ஓரியண்ட் என்ற இரு கம்பெனிகளும் மாறி மாறி ஓட்டினால் வாரம் ஒரு கப்பல். இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,70,000 பவுண்டு. லண்டன் 95,000, காலனிகள் 75,000. காலனிகளின் பங்கு மக்கள்தொகையின்படி பிரிக்கப்பட்டது. முந்தைய கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1856-இல் மாதம் ஒரு கப்பலுக்குக் காலனிகள் 92,500 பவுண்டு கட்டின. 1888-இல் வாரம் ஒரு கப்பலுக்கு 75,000. இதற்குள் சூயஸ் கால்வாய் திறந்து, கரி குறைவாக எரிக்கும் இயந்திரங்கள் வந்து, கம்பெனிகளுக்கிடையே போட்டியும் வந்துவிட்டது என்பது உண்மை. இருந்தாலும், பாதிக்கு மேல் லண்டனை ஏற்க வைத்ததில் பேரத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பேரம் பேசும் வலிமை எல்லாருக்கும் நல்லதாக முடியவில்லை. 1901-இல் காலனிகள் இணைந்து ஒரே கூட்டரசாயின. அதன் அஞ்சல் தந்திச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, கடிதக் கப்பல்களில் வெள்ளையர் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்று விதித்தது. பி அண்ட் ஓ கப்பல்களின் தளத்திலும் கொதிகலன் அறையிலும் உழைத்தவர்கள் பெரும்பாலும் லஸ்கர்கள் எனப்பட்ட இந்தியக் கப்பல் தொழிலாளர்கள். பேரரசின் குடிமக்கள் என்று சொல்லப்படுபவர்களை நிறத்தைக் காட்டி விலக்கும் ஒப்பந்தத்தில் பங்கேற்க லண்டன் மறுத்தது. கூட்டு ஒப்பந்தம் 1905 தொடக்கத்தில் முடிந்ததும் இருவரும் பிரிந்தார்கள். ஆஸ்திரேலியா ஓரியண்ட் கம்பெனியோடு தனியாக ஆண்டுக்கு 1,20,000 பவுண்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. லண்டன் பி அண்ட் ஓ கம்பெனியோடு தனியாகப் போனது. கடிதக் கப்பலின் செலவை யார் ஏற்பது என்று அரை நூற்றாண்டு நடந்த வழக்கு, அந்தக் கப்பலில் கரி அள்ளிப் போடுபவன் யாராக இருக்கலாம் என்ற இடத்தில் முறிந்தது.

பழந்தாள் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒரு வரி மட்டும் சேர்க்கிறேன். பங்கீடு எப்படி இருந்திருக்கலாம் என்பதற்கு 1902-இல் முடிந்த பசிபிக் தந்திக் கம்பி நல்ல எடுத்துக்காட்டு. மொத்தச் செலவை 18 பங்காக்கி, பிரிட்டனுக்கு 5, கனடாவுக்கு 5, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குவீன்ஸ்லாந்து, நியூசிலாந்து ஆகிய நான்குக்கும் தலா 2 என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டார்கள். நட்டம் வந்தாலும் அதே விகிதம். நிர்வாகக் குழுவிலும் இடம் உண்டு. செங்கடல் கம்பிக்கும் இதற்கும் நடுவே 40 ஆண்டு என்பது மட்டும் வேறுபாடு இல்லை.

தென்கரை வாசகன் எழுதியது:

நான் வாங்கிய உறைக்குள் இவ்வளவு இருக்கும் என்று எண்ணவில்லை. எல்லாருக்கும் நன்றி. குறிப்பை எழுதத் தொடங்கிவிட்டேன். கடைசியாக ஒரு சிறு ஐயம். மூலையில் உள்ள ‘சவுதாம்டன் வழி’ என்ற சொற்களைக் கடிதம் எழுதியவரே எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது. அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பல் எப்படியும் இங்கிலாந்துக்குத்தானே போகும்? அதை ஏன் குறிப்பிட வேண்டும்?

காலிக்கோட்டை எழுதியது:

ஏனென்றால் இரண்டு வழி இருந்தது, தம்பி. அலெக்சாந்திரியாவிலிருந்து ஜிப்ரால்டரைச் சுற்றிச் சவுதாம்டனுக்குப் போகலாம். அல்லது மார்செய்யிலே இறங்கி, பிரான்சுக்கு ஊடாக ரயிலிலே போகலாம். மார்செய் வழியில் போனால் ஏறக்குறைய ஒரு வாரம் முந்திவிடும். ஆனால் பிரெஞ்சு மண்ணைக் கடப்பதற்கான கட்டணம் இந்தப் பங்கீட்டிலே சேராது. அது முழுவதையும் கடிதம் எழுதுகிறவரே கூடுதல் தலை ஒட்டிக் கட்டவேண்டும். நிறையையும் அங்கே அரை அவுன்ஸ் கணக்கில் பார்க்காமல் கால் அவுன்ஸ் கணக்கிலே பார்த்தார்கள். அவசரக்காரர்கள் வெங்காயத் தோல் போன்ற தாளிலே எழுதி மார்செய் வழியில் அனுப்பினார்கள். உங்கள் உறையின் சொந்தக்காரர் 6 பென்னி மட்டும் கட்டி, ஒரு வாரம் பிந்தினாலும் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறார். அந்த 6 பென்னிக்கு மேலான செலவை இரண்டு அரசுகள் பகிர்ந்துகொண்டன என்று உங்கள் குறிப்பிலே தயக்கமில்லாமல் எழுதலாம்.